கீழே நான்கு தட்டு

தெருவே அவளை அண்ணி என்றுதான் கூப்பிடும். கொழுந்தன் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவனோடு வந்த பையன்கள் ஆரம்பித்து வைத்தது. பையன்கள் மீசை வைத்து, பிள்ளைகுட்டி பெற்று, ஆளுக்கொரு திசையில் போன பிறகும் பெயர் மட்டும் தெருவிலேயே தங்கிவிட்டது. காய்கறி வண்டிக்காரருக்கு வயது எழுபது. அவருக்கும் அவள் அண்ணிதான்.

அண்ணி வீட்டு முன்னறையில் சோபா கிடையாது. சுவரோரம் இரண்டு நீள மேசைகள், எதிரே இரும்பு அலமாரி, அதில் படுக்கைவாட்டில் அடுக்கிய சர்வர்கள். பெரிய கம்பெனிகள் மூன்று நாலு வருஷம் ஓட்டிவிட்டுக் கழித்துக் கட்டுகிற சர்வர்களை வாங்கிப் பிரித்து, தூசி தட்டி, கெட்டதை மாற்றி, ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சின்ன அலுவலகங்களுக்கும் பொருத்திக் கொடுப்பது பத்தொன்பது வருஷமாக அந்த வீட்டின் பிழைப்பு. உலோகமும் திருகாணியும் கணவர் பொறுப்பு. அவர் சட்டைப்பையில் பேனா இருக்காது, திருப்புளி இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் இருக்கும். அதனால் அவருக்குத் திருப்புளி என்றே பெயர் விழுந்து, அவரும் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் பழகிவிட்டார். கொண்டுபோய் மாட்டுவது, கேபிள் இழுப்பது, வாடிக்கையாளரிடம் பல்லைக் காட்டுவது எல்லாம் கொழுந்தன் பொறுப்பு. வீட்டில் அவன் சின்னவன். வயது முப்பத்துநாலு, கல்யாணம் ஆகவில்லை, மாடியறையில் இருக்கிறான்.

உயிர் கொடுப்பது அண்ணி. அதை அவள் தன் வாயால் சொன்னதில்லை. மற்றவர்கள் சொன்னால் மறுத்ததும் இல்லை.

சர்வரின் போர்டில் ஒரு சில்லுக்குள் ஃபர்ம்வேர் குடியிருக்கிறது. மின்சாரம் வந்ததும் முதலில் கண் விழிப்பது அதுதான். இவ்வளவு நினைவகம் இருக்கிறது, இத்தனை டிஸ்க் இருக்கிறது, இந்த விசிறி ஓடவில்லை என்று தலை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றை எழுப்பும். பழைய சர்வர் வந்தால் அதற்குப் புது ஃபர்ம்வேர் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது நடுவில் மின்சாரம் போனால் போர்டு செத்தது செத்ததுதான். ஆகையால் அந்த இருபது நிமிஷம் வீட்டில் யாரும் மிக்ஸி போடக்கூடாது, இஸ்திரிப் பெட்டியைத் தொடக்கூடாது. திருப்புளி தும்முவதென்றால் வாசலுக்குப் போய்த்தான் தும்முவார்.

ஏற்றி முடித்த பிறகு அமைப்புகளைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அங்கேதான் அண்ணியின் பெருமை. நீலத் திரையில் வரிவரியாக மெனு வரும். அவள் திரையைப் பார்க்க மாட்டாள். கண் ஜன்னலுக்கு வெளியே கொடியில் காயும் துணியில் இருக்கும், கை கீபோர்டில் இருக்கும். தலைப்பிலிருந்து கீழே நான்கு தட்டு, ஒரு என்டர், கீழே ஒன்று, மறுபடி என்டர். மின்சாரம் போய்த் திரும்பினால் தானாக எழுந்திரு என்று சர்வருக்குச் சொல்லியாகிவிட்டது. அடுத்த பக்கம், கீழே ஏழு தட்டு. இப்படி ஒரு சர்வருக்கு நாற்பது அமைப்பு. நடுவில் சின்னவனிடம் பருப்பு அடுப்பில் இருக்கிறது, இறக்கு என்று சொல்லவும் செய்வாள், எண்ணிக்கை தப்பாது. பார்க்க வந்த வாடிக்கையாளர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். அவர்கள் பிளப்பது அவளுக்குத் தெரியும். ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வாள்.

சர்வருக்குள் இன்னொரு குட்டிக் கம்ப்யூட்டரும் உண்டு. பெரியது அணைந்து கிடந்தாலும் அது மட்டும் விழித்துக்கொண்டே இருக்கும். யார் உள்ளே வந்தார்கள், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்தார்கள், எத்தனை மணிக்கு, எதைத் தொட்டார்கள் என்று எல்லாவற்றையும் குறித்து வைக்கும். அந்த வீட்டில் அதற்கு வாட்ச்மேன் என்று பெயர். சர்வர் வீட்டை விட்டுப் போகும்முன் வாட்ச்மேன் குறிப்பை ஒரு பிரதி எடுத்து வைப்பது வழக்கம். எடுத்து வைப்பார்கள், அவ்வளவுதான். ஒருவரும் படித்ததில்லை.

இந்தத் தடவை படிக்கும்படி ஆனது. குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போகிற சர்வர். ரத்தம், சளி எல்லாவற்றின் பரிசோதனை முடிவும் அதன் வழியாகத்தான் டாக்டர்களுக்குப் போக வேண்டும். அந்த ஆஸ்பத்திரி மேனேஜர் எதையும் காகிதத்தில் கேட்கிற ஆள். வாட்ச்மேன் குறிப்பும் அச்சிட்டு வேண்டும் என்றார். புதன்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணி அச்சிட்டாள். காகிதம் சூடாக வெளியே வந்தது. ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் எடுத்தாள்.

கடைசி நான்கு வரிகள் அவளுடையவை அல்ல.

புதன், காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிஷம். உள்ளே நுழைவு. அமைப்பு மாற்றம், அமைப்பு மாற்றம். வெளியேற்றம். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து என்பதும் இருந்தது. மாடியறை லேப்டாப்.

தினமும் ஆறு மணிக்கு அவள் நடக்கப் போவாள். ஆறே முக்காலுக்கு வருவாள். சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. அவள் செருப்பு வாசலைத் தாண்டிப் பன்னிரண்டு நிமிஷம் ஆனதும் எவனோ உள்ளே புகுந்திருக்கிறான். எவனோ என்ன எவனோ.

ஒரு மாதமாகவே அவளுக்கு மூக்கில் வேர்த்துக்கொண்டுதான் இருந்தது. சின்னவன் சட்டையை இஸ்திரி போட்டுப் போடுகிறான். மொட்டைமாடிக்குப் போய்ப் போன் பேசுகிறான், இவள் படியேறினால் "அப்புறம் பேசறேன்" என்று வைக்கிறான். போன வாரம் இரண்டு தெரு தள்ளி ஒரு வெள்ளைக் காரிலிருந்து இறங்கினான். காரின் கதவில் ஒரு பெரிய சர்வர் கம்பெனியின் முத்திரை. வீட்டுக்கு வந்தவன் பஸ் கிடைக்கவில்லை, நடந்து வந்தேன் என்றான். அன்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது எல்லாம் ஒன்றோடொன்று வந்து ஒட்டிக்கொண்டன. அந்தக் கம்பெனிக்காரனுக்கு ஆஸ்பத்திரியைப் பிடித்துக் கொடுக்கிறான், சர்வரில் பின்கதவு ஒன்றைத் திறந்து வைக்கிறான், நாளைக்கு அங்கே வேலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டு அந்தக் கதவு வழியாக உள்ளே கையை விடுவான். அவனுக்குப் பத்து வயதில் காய்ச்சல் வந்தபோது மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள் அவள்.

ரகசியக் கணக்கு ஏதாவது உருவாக்கி வைத்திருக்கிறானா என்று துழாவினாள். இல்லை. அதனால் சந்தேகம் குறையவில்லை, கூடியது. கெட்டிக்காரன், தடயம் விட மாட்டான் என்று நினைத்துக்கொண்டாள். எந்த அமைப்பை மாற்றினான் என்பதற்குக் குறிப்பில் எண்கள் மட்டும் இருந்தன. அவள் இருந்த கோபத்தில் எண்ணைப் பார்க்கிற பொறுமை இல்லை.

சமையலறையில் திருப்புளி மத்தியானச் சோற்றுக்குத் தட்டெடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அண்ணி கதவோரம் நின்றாள்.

"காலைல ஆறு மணிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான். டீ போட்டுக்கிட்டிருந்தேன்."

"சின்னவன்?"

"மேல இருந்தான்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்களா, பாத்தீங்களா?"

"டீ பொங்குற நேரத்துல நான் டீயத்தான் பாப்பேன்."

"முன்னறைக்கு யாராவது வந்தாங்களா?"

"முன்னறைக்கு யாரு வருவா? நீதான் பூட்டிட்டுப் போற."

"சாவி ஆணியிலதானே தொங்குது."

"தொங்குது. பத்தொம்பது வருஷமா தொங்குது. இன்னைக்கு என்ன புதுசா கேக்குற?"

அவர் தட்டைத் துடைத்தார். துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தார். அண்ணி அதையும் பார்த்து வைத்தாள். அண்ணனுக்கும் தெரிந்திருக்குமோ என்ற எண்ணம் அப்போதுதான் முதல்முதலாக அவளுக்குள் நுழைந்தது. நுழைந்த பிறகு வெளியே போகவில்லை.

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வெயில் ஜன்னல் கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக்கொண்டிருந்தது. மேசைமேல் சோதனைக்குப் போட்டிருந்த சர்வரின் விசிறிகள் உய்யென்று கத்தின. அந்தச் சத்தத்தில் பேசாமலிருப்பது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. அந்த வீட்டுக்கு அது ஒரு வசதி.

"உன் லேப்டாப் நல்லா ஓடுதா, தம்பி?" என்றாள் அண்ணி.

சின்னவன் நிமிர்ந்தான். "ஓடுது அண்ணி. ஏன்?"

"சும்மா கேட்டேன். காலைல சீக்கிரம் எந்திரிச்சிடுற போல."

"தூக்கம் வரல. வெக்கையா இருக்கு மேல."

"விசிறி இல்ல?"

"இருக்கு."

"அப்ப என்ன வெக்கை?"

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் சோற்றைப் பார்த்தார். அண்ணி இருவரையும் பார்த்தாள்.

அன்று மாலை இருவரும் உதிரிப் பாகம் வாங்கப் போன நேரத்தில் அண்ணி முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரி சர்வரில் அவன் தொட்டது எதுவும் இருக்கக்கூடாது. எல்லா அமைப்பையும் அழித்து, பிறந்த மேனியாக ஆக்கி, முதலிலிருந்து நாற்பதையும் தன் கையால் போட்டாள். கண் கொடியில் காயும் துணியில், கை கீபோர்டில். கீழே நான்கு தட்டு, ஒரு என்டர், கீழே ஒன்று, மறுபடி என்டர். முடித்ததும் வாட்ச்மேனின் பாஸ்வேர்டை மாற்றினாள். அந்த வீட்டில் எல்லா சர்வருக்கும் ஒரே பாஸ்வேர்ட்தான், மூன்று பேருக்கும் தெரியும். புதியது அவளுக்கு மட்டும் தெரியும். ஆத்திரத்தில் என்ன வாயில் வந்ததோ அதையே ஆங்கில எழுத்தில் அடித்தாள். வீட்டுத்திருடன். கடைசியில் ஓர் எண் வேண்டுமே, ஒன்று. அடித்து முடித்ததும் மனசுக்கு இதமாக இருந்தது என்பதை மறைப்பானேன். இருவரும் திரும்பி வந்தபோது ஆஸ்பத்திரி சர்வரின் நீலத் திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது, சின்னவன் அதைப் பார்த்தான்.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு வழக்கம்போல் செருப்பை மாட்டினாள். வாசல் கேட்டை வேண்டுமென்றே சத்தமாகச் சாத்தினாள். தெருமுனை வரை போய், பூங்காவுக்குள் போகாமல், பால் பூத்துக்குப் பின்னால் நின்றாள். பால்காரர் "என்ன அண்ணி, இங்க நிக்கிறீங்க?" என்றார். "மூச்சு வாங்குது" என்றாள். நாற்பது நிமிஷம் மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பினாள்.

சமையலறையில் இருவரின் குரலும் தாழ்வாகக் கேட்டது. அவள் காலடி கேட்டதும் நின்றது. நேராக முன்னறைக்குப் போய் வாட்ச்மேனைத் திறந்தாள். ஆறு பதினொன்று, பாஸ்வேர்ட் தவறு. ஆறு பன்னிரண்டு, தவறு. ஆறு பதினாலு, தவறு. மாடியறை லேப்டாப்.

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. ஆனாலும் அண்ணி அப்போதே வாயைத் திறக்கவில்லை. சர்வர் நல்லபடியாகப் போய்ச் சேரட்டும், சாயங்காலம் பழைய குறிப்பு எல்லாவற்றையும் அச்சிட்டு வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கேட்கலாம் என்று முடிவு செய்தாள். அவளுக்கு எதையும் முழுசாகச் செய்துதான் பழக்கம்.

ரொட்டியும் முட்டையும் வைத்தாள். சின்னவன் ரொட்டியைப் பிய்த்தானே தவிர வாயில் வைக்கவில்லை.

"அண்ணி, அத ஒரு பத்து நிமிஷம் மேசைல போட்டு மறுபடியும் ஒரு தடவ பாத்துடலாமா?"

"எத?"

"ஆஸ்பத்திரி சர்வர."

"எதுக்கு?"

"சும்மாதான். அந்த மேனேஜர் ஒரு மாதிரி ஆளு. எதையாவது நோண்டிக்கிட்டே இருப்பாரு."

"நோண்டுறது அவருக்கு மட்டும்தான் பழக்கமா?"

சின்னவன் முகத்தில் ஈயாடவில்லை. "இல்ல அண்ணி, ஒரு பார்வ பாத்துட்டா..."

"நான் பாத்தாச்சு. என் கை பட்ட அப்புறம் இன்னொரு கை எதுக்கு?"

திருப்புளி குறுக்கே வந்தார். "ஒரு தடவ பாக்கறதுல என்ன கொறஞ்சிடப் போவுது? அவன்தான் சொல்றான்ல."

"அவன் சொல்றான். நீங்களும் சொல்றீங்க. ரெண்டு பேரும் காலைலயே பேசி வெச்சுக்கிட்டீங்களா?"

ஏழரைக்கு வண்டி வந்தது. இருவரும் சர்வரை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிப்போய், பழைய போர்வை விரித்து, அதன்மேல் வைத்தார்கள். சின்னவன் வண்டியில் ஏறும்முன் ஒருமுறை திரும்பி அண்ணியைப் பார்த்தான். குற்றவாளி பார்ப்பதுபோல என்று அவள் நினைத்தாள். திருப்புளியும் ஏறிக்கொண்டார். வண்டி போயிற்று.

மத்தியானம் வரை அவள் அடுத்த சர்வரில் வேலை பார்த்தாள். திருப்புளி முந்தின நாளே பிராசசரின் தலையில் புதுப் பசை தடவி, மேலே தகட்டை இறுக்கி வைத்திருந்தார். நினைவகப் பட்டைகளைச் செருகி, இரண்டு காதும் டக்கென்று மூடுகிறதா என்று பார்த்து, மின்சாரம் கொடுத்தாள். இதற்கும் அதே ஃபர்ம்வேர், நாலு மாதத்துக்கு முன் வந்த புதுப் பதிப்பு. ஏறி முடிந்ததும் அப்படியே விட்டுவிட்டுப் பழைய குறிப்புகளை எடுக்க உட்கார்ந்தாள். மணி ஒன்றாகியிருந்தது.

பழைய சர்வர்களின் வாட்ச்மேன் பிரதிகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். போன மாதம் பள்ளிக்கூடத்துக்குப் போனது. காலை ஆறு பத்து, மாடியறை லேப்டாப். அதற்கு முந்தினது, ஆறு பதினெட்டு. அதற்கும் முந்தினது. நாலு மாதத்தில் போன பதினொரு சர்வரிலும் அவன் கை இருந்தது. அதற்கு முன்னால் போனவற்றில் இல்லை. ஒன்றிரண்டு என்றால் ஆசை, பதினொன்று என்றால் தொழில். சரி, என்னதான் மாற்றினான் என்று அப்போதுதான் எண்களைப் பார்த்தாள்.

பதினொன்றிலும் அதே இரண்டு வரி. அமைப்பு எண் நாலு, இரண்டிலிருந்து ஒன்றுக்கு. அமைப்பு எண் ஐந்து, ஒன்றிலிருந்து இரண்டுக்கு. வேறு எதையும் அவன் தொடவில்லை.

நாலு என்றால் மின்சாரம் திரும்பினால் எழுந்திரு. அது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். அதை ஏன் கெடுக்கிறான்? மேசையில் கிடந்த சர்வரின் மெனுவைத் திறந்தாள். நாலு மாதத்தில் முதல் தடவையாகத் திரையைக் கண்ணால் பார்த்து, வரியை விரலால் தொட்டு எண்ணினாள்.

நாலாவது வரியில் வேறு ஏதோ எழுதியிருந்தது. சூடு மிஞ்சினால் சர்வரை நிறுத்து. ஒன்று, ஆம். இரண்டு, வேண்டாம்.

ஐந்தாவது வரி, மின்சாரம் திரும்பினால். ஒன்று, அணைந்தே இரு. இரண்டு, எழுந்திரு.

புதுப் பதிப்பில் நடுவே ஒரு வரியைச் செருகியிருக்கிறார்கள். அவள் கை பழைய கணக்கில் நான்கு தட்டி, சூட்டுக் காவலை அணைத்துவிட்டு, மின்சார வரியைத் தொடாமலே போயிருக்கிறது. ஒரு சர்வரில் இல்லை, பதினொன்றில். அலமாரி இடுக்கில் செருகியிருந்த ஆஸ்பத்திரியின் வேலைத்தாளை இழுத்து எடுத்தாள். திருட்டை நிரூபிக்க அவள் எடுத்து வைத்திருந்த தாள். சூட்டுக் காவல், வேண்டும். மின்சாரம் திரும்பினால், எழுந்திரு. இந்த வரிக்குக் கீழே மேனேஜர் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தார். எதிரே சரி என்று அவளே டிக் அடித்திருந்தாள். வேலைத்தாள் திருடன் பக்கம் நின்றது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கக்கூட அவளால் முடியவில்லை, ஏனென்றால் பதில் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வாடிக்கையாளர் முன்னால், "அண்ணி, அந்தக் கேபிள் பக்கத்து ஓட்டையில போவணும்" என்று சொல்லிவிட்டான். சரியாகத்தான் சொன்னான். நாற்பது நாள் அவள் அவனோடு பேசவில்லை. சோறு வைத்தாள், துணி மடித்து வைத்தாள், பேசவில்லை. நாற்பத்தோராம் நாள் அவன்தான் வந்து, "நான்தான் தப்பா பாத்துட்டேன் அண்ணி" என்றான். அவளும் போனால் போகிறது என்று மன்னித்தாள்.

வெட்கம் முகத்தில் சூடாக ஏறியது. பின்னாலேயே இன்னொன்று ஏறியது. அந்த சர்வர் போய்விட்டது. நேற்று அவன் சரிசெய்ததை அழித்து, தப்பைத் திரும்பப் போட்டு, அவன் உள்ளே வரமுடியாதபடி பூட்டி அனுப்பியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமைதோறும் இரண்டு மணிக்கு மெயின் லைனை அணைத்து ஜெனரேட்டரை ஓட்டிப் பார்ப்பார்கள். பேட்டரி பழுதுபார்க்கப் போயிருக்கிறது. மேனேஜர் சிவப்புக் கோடு போட்டது அதனால்தான். மின்சாரம் போகும், திரும்பும், சர்வர் மட்டும் எழாது. பிள்ளைகளின் ரத்த முடிவு வராமல் டாக்டர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றரைக்கு ஐந்து நிமிஷம்.

வெளியிலிருந்து அந்த சர்வரைத் தொட வழியில்லை, ஆஸ்பத்திரி லைன் உள்ளுக்குள்ளே மட்டும்தான். திருப்புளியின் போன் எடுபடவில்லை. சின்னவன் போனும் எடுபடவில்லை. சர்வர் அறை நிலவறையில் இருக்கிறது, சிக்னல் கிடைக்காது. மேனேஜர் மேசைக்கு அடித்தாள்.

"சொல்லுங்கம்மா. மாட்டியாச்சு, ஓட ஆரம்பிச்சாச்சு. லேப்காரங்க பன்னண்டு மணிக்கே மாறிட்டாங்க. ரொம்ப திருப்தி."

"ரெண்டு மணிக்கு கரண்ட் மாத்துவீங்களா சார்?"

"வழக்கம்போல. அஞ்சு நிமிஷ வேல. ஏன்?"

அந்த இடத்தில் அவளுக்கு ஒரு குறுக்குவழி கண்ணில் பட்டது. ஒன்றுமில்லை சார், என் வீட்டுக்காரரை மட்டும் இரண்டரை வரை இருக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிடலாம். அணைந்தால் அவர் பொத்தானை அமுக்கி எழுப்புவார். பிறகு ஒரு நாள் போய் யாருக்கும் தெரியாமல் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் சூட்டுக் காவலும் அணைந்து கிடக்கிறது. நடுவில் ஒரு நாள் மின்சாரம் போனால், பத்து நிமிஷம் முடிவு வராத பிள்ளை யார் வீட்டுப் பிள்ளையோ. அவளுக்கு அந்தப் பிள்ளையின் அம்மா முகம் வந்து நின்றது.

"சார், நான் ஒரு அமைப்ப தப்பா போட்டு அனுப்பிட்டேன். என் தப்புதான். ரெண்டு மணிக்குள்ள சரிபண்ணணும். அதுவர கரண்ட் மாத்த வேண்டாம். எங்காளுங்ககிட்ட குடுங்க."

காகிதத்தில் எதையோ எழுதுகிற சத்தம் கேட்டது. பிறகு இணைப்பை நிலவறைக்கு மாற்றினார். திருப்புளி எடுத்தார். பின்னால் விசிறிகளின் இரைச்சல்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் அண்ணி.

"எது?"

"நாலாவது வரி."

"தெரியும்" என்றார். "நான்தான் அவன்கிட்ட சொன்னேன், உங்கண்ணிகிட்ட சொல்லாத, நீ பாட்டுக்கு சரிபண்ணிட்டுப் போயிடுன்னு. புதுப் பதிப்போட வந்த காகிதத்த அவன் படிச்சிருக்கான். நீ படிக்கல. ஒன்ன யாரு உக்கார வெச்சுச் சொல்றது?"

"பதினோரு தடவ என்ன முட்டாளாக்கியிருக்கீங்க."

"முட்டாளாக்கல. சண்ட வேண்டாம்னு பாத்தேன். எனக்கு மறுபடியும் நாப்பது நாள் தாங்காது."

அவளுக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. "அவன்கிட்ட குடுங்க" என்றாள்.

சின்னவன் வந்தான். "அண்ணி."

"லேப்டாப் இருக்கா?"

"மாட்டி வெச்சிருக்கேன். காலைலேருந்து முயற்சி பண்றேன், உள்ள போக முடியல. அண்ணன் மேனேஜர்கிட்ட டீ வாங்கிக் குடுத்து நேரத்த இழுத்துக்கிட்டே இருந்தாரு. ரெண்டு மணி ஆனா என்ன பண்றதுன்னு தெரியாம நிக்கிறேன்."

"எனக்கு அடிக்க வேண்டியதுதானே?"

"அடிச்சா என்னன்னு சொல்றது?"

அதுவும் நியாயம்தான். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பாஸ்வேர்ட் சொல்றேன். அடி. எல்லாம் சின்ன எழுத்து."

"சொல்லுங்க."

"வி."

"வி" என்று திருப்பிச் சொன்னான். பாஸ்வேர்ட் கேட்டு அடிக்கும்போது வாய்விட்டுச் சொல்லித்தான் அடிப்பார்கள். அவள்தான் அப்படிப் பழக்கியிருந்தாள்.

"இ. இன்னொரு இ. டி. இன்னொரு டி. யு."

"யு."

"டி. ஹெச். ஐ."

"டி, ஹெச், ஐ."

"ஆர்."

சின்னவன் ஆர் என்று சொல்ல ஒரு கணம் அதிகமாக எடுத்துக்கொண்டான். "ஆர்" என்றான். அங்கேயே அவனுக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்கும் புரிந்துவிட்டது. மீதி நாலு எழுத்து இருந்தது. தொலைபேசியைப் போட்டு உடைத்துவிட்டு எங்காவது போய்விடலாம்போல இருந்தது அவளுக்கு.

"யு" என்றாள்.

"யு."

"டி. ஏ. என்."

"டி. ஏ. என்." குரலில் ஒன்றும் இல்லை. "கடைசியில எண் ஏதும் இருக்கா அண்ணி?"

"ஒண்ணு."

பின்னால் திருப்புளி என்னடா பாஸ்வேர்ட் அது என்று கேட்டார். சின்னவன் அவருக்குப் பதில் சொல்லவில்லை. "உள்ள போயிடுச்சு அண்ணி" என்றான். "நாலு, ஆம்னு மாத்திட்டேன். அஞ்சு, எழுந்திரு. சேமிச்சாச்சு. மணி ஒண்ணு நாப்பத்தஞ்சு."

அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டாள். சொல்ல வேண்டிய சொல் நாக்கு வரை வந்து நின்றது. அது வராமல் வேறொன்று வந்தது.

"அந்த வெள்ளக் கார்."

"வேல கெடச்சிருக்கு அண்ணி. ஒண்ணாந்தேதி சேரணும். சொல்லப் பயமா இருந்துச்சு. இங்கேருந்து எதையும் எடுத்துக்கிட்டுப் போகல."

"தெரியும்."

"எப்பலேருந்து தெரியும்?"

"ஒன்னே கால்லேருந்து."

அவன் சிரித்தானா பெருமூச்சு விட்டானா என்று விசிறிச் சத்தத்தில் தெரியவில்லை. அண்ணிக்குக் கண்ணில் நீர் முட்டியது. "தப்பு பண்ணிட்டேன் தம்பி" என்றாள். இந்தத் தடவை வந்துவிட்டது.

"விடுங்க அண்ணி" என்றான். "இந்த பாஸ்வேர்ட இப்படியே விட வேண்டாம். மேனேஜர் கேட்டாருன்னா காகிதத்துல எழுதிக் குடுக்கணும். மாத்திடட்டுமா?"

"மாத்து."

"என்ன போடட்டும்?"

"நீயே ஒண்ணு போடு."

"போட்டுச் சொல்றேன், எழுதிக்கிறீங்களா?"

"இப்ப சொல்ல வேண்டாம். உனக்குத் தெரிஞ்சா போதும்."

சாவிகள் விழும் சத்தம் தொலைபேசி வழியாகத் தெளிவாகக் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் காது தானாகவே எண்ண ஆரம்பித்தது. நாலாவது சத்தத்துக்கு முன்னால் அவள் போனைக் காதிலிருந்து எடுத்து, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.